ஈப்போ வீடு, மலேசியா: குடும்பக் குழு

கிள்ளான் பெரியம்மா: தம்பி நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு. கிள்ளான் வீட்டிலேயே. பாப்பா மைசூரிலிருந்து வருவாளா? தட்டு எடுக்க ஆள் வேண்டும்.

ஈப்போ மாமா: 👍

அம்மா: அவளே சொல்லட்டும் அக்கா.

பாப்பா: வர ஆசைதான் பெரியம்மா. ஆனால் இங்கே யோகா வகுப்பில் மாதக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். இடையில் விட்டால் அந்தப் பணம் போனதுதான். சனி மட்டும் விடுமுறை. அமாவாசை, பௌர்ணமிக்கும் வகுப்பு கிடையாது.

ஈப்போ மாமா: தாத்தாவும் அமாவாசைக்குக் கடை திறக்க மாட்டார்.

ஈப்போ அத்தை: சாப்பிடுகிறாயா? படத்தில் இளைத்துத் தெரிகிறாய்.

பாப்பா: நன்றாகச் சாப்பிடுகிறேன் அத்தை, ஆனால் வகுப்பு முடிந்த பிறகுதான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, குளித்து, வெறும் வயிற்றோடு போக வேண்டும். இங்கே ஆசிரியர் முன்னால் நின்று சொல்லிக்கொண்டே போக மாட்டார். அவரவர் வரிசையை மனப்பாடமாக, அவரவர் மூச்சுக்குச் செய்ய வேண்டும். அவர் நடந்து வந்து தோளையோ இடுப்பையோ பிடித்துத் திருத்துவார். ஒன்று சரியாக வந்தால்தான் அடுத்த ஆசனம் தருவார். நான் மரீச்யாசனம் டி-யில் நிற்கிறேன். ஒரு காலைப் பத்மாசனம் போல மடித்து, இன்னொரு முழங்காலைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் முதுகுப் பக்கம் கோர்க்க வேண்டும். விரல் நுனி தொடுகிறது, பிடி கிடைக்கவில்லை. முடிந்ததும் தெருமுனையில் இளநீர், அப்புறம் செட் தோசை.

கிள்ளான் பெரியம்மா: டி-யா? அப்போது ஏ, பி, சி?

பாப்பா: அதெல்லாம் ஆயிற்று 😊

அண்ணன்: இதற்குத்தான் வங்கி வேலையை விட்டாய்.

அம்மா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

ஈப்போ மாமா: யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் இருந்த ஊர் அல்லவா?

பாப்பா: ஆமாம் மாமா. 1930-களில் ஜகன்மோகன் அரண்மனையில் சொல்லிக்கொடுத்தார். பெரிய யோகா ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள்தான்.

ஈப்போ அத்தை: சனிக்கிழமை என்ன செய்வாய்?

பாப்பா: விளக்கெண்ணெய் தேய்த்துக் குளிப்பேன். உடம்பு வலிக்கு அதுதான் இங்கே வழக்கம்.

பாட்டி (அம்மா போனில்): பெண் பிள்ளை சனிக்கிழமை எண்ணெய் வைக்கலாமா? வெள்ளிக்கிழமை வை.

பாப்பா: வெள்ளி வகுப்பு இருக்கிறதே பாட்டி. உடம்பு வழுக்கும், பிடியே கிடைக்காது.

ஈப்போ மாமா: சனி ஆண்களுக்கு.

கிள்ளான் பெரியம்மா: எண்ணெய் என்றதும் ஞாபகம் வந்தது. பாட்டி குத்துவிளக்கு யாரிடம்? நிச்சயத்துக்கு வேண்டும்.

ஈப்போ அத்தை: எங்களிடம்தான். கொண்டுவந்து ஏற்றிவிட்டு எடுத்துப் போகிறோம்.

கிள்ளான் பெரியம்மா: எடுத்துப் போகவா?

அம்மா: அக்கா, அப்புறம் பேசலாம்.

அண்ணன்: வந்தால் திரும்பிப் போக விசா?

பாப்பா: ஒரு வருட இ-விசா, பல முறை வந்து போகலாம். வீட்டுக்கார அம்மாதான் பாவம். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். போன தடவை இணையதளம் திறக்காமல் ராத்திரி வரை உட்கார்ந்திருந்தார். நான் தமிழில் பேசுவதால் என்னை மட்டும் சமையலறை வரை விடுகிறார்.

ஈப்போ மாமா: காலண்டர் பார்த்தேன். அந்த ஞாயிறு பௌர்ணமி.

பாப்பா: நிஜமாகவா மாமா?! அப்படியென்றால் சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறை. வெள்ளி வகுப்பு முடிந்து ஃப்ளைபஸ் ஏறினால் நேராகப் பெங்களூர் விமான நிலையம். திங்கள் ஒரு நாள்தான் போகும். ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கிள்ளான் பெரியம்மா: உன்னைச் சேர்த்து எண்ணிவிட்டேன்.

அம்மா: அவள் இன்னும் சொல்லவில்லையே.

ஈப்போ அத்தை: வந்தால் மைசூர்பாகு. நெய் ஒழுகுகிற மாதிரி.

கிள்ளான் பெரியம்மா: விளக்கு?