மறுமொழி: ரிசர்வாயர் ஹோஸ்ட், தமிழில் என்ன?

நண்பர்களே,

ஒரு கிருமி நீண்டகாலம் நிலைத்திருக்கும் விலங்கினத்தைத்தான் ஆங்கிலத்தில் ரிசர்வாயர் ஹோஸ்ட் என்கிறார்கள். அதற்கு இதுவரை வந்த 'நோய்கடத்தி', 'நோய்தாங்கி', 'நோய்த்தேக்கம்' என்ற மூன்று பரிந்துரைகளையும் ஒரு பூனையை வைத்துச் சோதித்துப் பார்த்தேன்.

பிரிட்டனில் ஓர் இலையுதிர்காலம். வேலியோரம் எலி பிடிக்கப் போன பூனைக்கு முன்னங்காலில் கடி. அந்த இடம் புண்ணாகிப் பொருக்குத் தட்டுகிறது. கொஞ்ச நாளில் உடம்பெங்கும் சின்னச் சின்னப் பொருக்குகள். மாட்டம்மை வைரஸ். பெயரில்தான் மாடு, மாட்டுக்கு இது வருவது அபூர்வம். 1796இல் பெரியம்மைத் தடுப்பூசிக்காக எட்வர்டு ஜென்னர் பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்தாரே, அதற்கு முன்பே மாட்டின்மேல் ஏறிய பழி இன்னும் இறங்கவில்லை. வைரஸ் குடியிருப்பது வோல்களிலும் காட்டுச் சுண்டெலிகளிலும். (வோல்: எலி போன்ற சிறு கொறிவிலங்கு, மொண்ணை மூக்கு, குட்டை வால், மயிருக்குள் புதைந்த காது. இதற்கும் ஒரு பெயர் வேண்டும். அதைத் தனி இழையில் பார்ப்போம்.)

'நோய்கடத்தி' வேண்டாம், அது கொசுவுக்குப் போய்விட்டது. 'நோய்தாங்கி' என்றால் பூனையும்தான் தாங்குகிறது, கீறி மனிதருக்கும் தருகிறது. ஆனால் எலிகள் இல்லாவிட்டால் பூனைகளுக்குள் மட்டும் இந்த வைரஸ் நீடிக்காது. அந்த வேறுபாட்டைச் சொல்லத்தானே நமக்குச் சொல் வேண்டும்? 'நோய்த்தேக்கம்' அணைக்கட்டிலிருந்து வந்தது. தேங்கினால் அசையாது, இங்கே வைரஸ் எலிக்கு எலி மாறிக்கொண்டே இருக்கிறது. அதுவும் போக, வோல் பெரும்பாலும் நோயாளியாகவே தெரியாது. அதன் பெயரில் 'நோய்' எதற்கு?

நான் சொல்வது 'ஊற்றுயிரினம்'. ஆற்று மணலில் தோண்டிய ஊற்றை மொண்டு காலி செய்தாலும் திரும்பச் சுரக்கும். ஓர் எலி செத்தாலும் கூட்டத்தில் வைரஸ் இருக்கும். அதனால்தான் ஊற்றுயிரி என்று நிறுத்தாமல் 'இனம்' சேர்த்தேன்.

———

ஐயா, வணக்கம்.

'தேக்குயிரி' என்று நானும் எழுதிப் பார்த்தேன். தேக்கு மரம் குறுக்கே வந்து நின்றது, அழித்துவிட்டேன்.

ஊற்று பிடித்திருக்கிறது. ஒரே தயக்கம்: ஊற்று என்றதும் மாணவர்கள் வைரஸ் பிறந்த இடம் என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சொல்வது அது நிலைத்திருக்கும் இடத்தை. சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: 'பிரிட்டனில் மாட்டம்மை வைரசுக்கு வோல்களும் காட்டுச் சுண்டெலிகளுமே ஊற்றுயிரினம், பூனை தற்செயல் ஓம்புயிரி.' (ஓம்புயிரி: கிருமிக்கு இடம் கொடுக்கும் உயிர்.) நாக்கு இடறவில்லை. வரையறையின் முதல் வரியிலேயே 'தோன்றிய இடம் அன்று' என்று போட்டுவிட்டால் எனக்குச் சம்மதம்.