திண்ணைக்கு வெளிய சைக்கிளோட நின்ன பையன்

2021 கடைசில தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வி திட்டத்த ஆரம்பிச்சப்ப நானும் தன்னார்வலரா சேந்தேன், மாசம் 1,000 ரூபா, சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணைலதான் க்ளாஸ். கொரோனால ஸ்கூல் மூடிக் கெடந்ததுல மூணாவது புள்ளைங்களுக்கே எழுத்துக்கூட்ட வரல, அத எப்படியோ சமாளிச்சிட்டேன். எட்டாவது பையன் ஒருத்தன் மட்டும் தெனமும் வருவான், உள்ள வரமாட்டான், சைக்கிள்ல ஒரு கால ஊனிட்டு நின்னு பாப்பான், வாடான்னா ஓடிருவான். அவங்க ஆயாகிட்ட கேட்டேன். லாக்டவுன்ல மாவு மில்லு வேலைக்குப் போனானாம், படிச்சதெல்லாம் மறந்துபோச்சு, சின்னப் புள்ளைங்க முன்னாடி வாசிக்க வெக்கப்படுறான்னாங்க.

ஒருநாள் மழ இருட்டிட்டு வந்துச்சு, தம்பி இந்த போர்ட கொஞ்சம் உள்ள தூக்கி வைடான்னேன். வச்சான். மறுநாள் அவனே வந்து எடுத்து மாட்டுனான். அப்புறம் அட்டெண்டன்ஸ் நோட்ட அவன்கிட்டயே குடுத்துட்டேன். மொத ரெண்டு நாள் எழுத்தப் பாக்காம மூஞ்சியப் பாத்துதான் பேரு சொன்னான், நான் கண்டுக்கல. அடுத்த வாரம் புதுசா ஒரு பாப்பா சேந்துச்சு, அது பேர அவனா எழுத்துக்கூட்டி வாசிச்சான் பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. அவன் ஸ்கூல் சார்கிட்டயும் போய் சொன்னேன், க்ளாஸ்ல எழுப்பி விட்டு வாசிக்கச் சொல்றத நிறுத்திட்டு தனியா உக்கார வச்சு வாசிக்க வச்சாரு. அவரு ஒத்துக்கலன்னா நான் பண்ணது எதுவும் நின்னுருக்காது.

---

அக்கா, அந்த வெக்கம்னு சொன்னீங்களே, அதத்தான் நான் புரிஞ்சுக்காம போயிட்டேன். என் பையன் பத்தாவதுல கணக்குல 27. சொந்தக்காரங்க முன்னாடியே கண்டபடி திட்டிட்டேன், ராத்திரி சாப்பிடாம மொட்டமாடில போய் உக்காந்துட்டான். என் மச்சான்தான் மேல போனாரு, மார்க்கப் பத்தி ஒரு வார்த்த பேசல, சாப்பிட வச்சு, காலைல ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போய் துணைத் தேர்வுக்கு அப்ளை பண்ண வச்சாரு, பாஸ் பண்ணிட்டான். அந்த நேரத்துல 14417னு ஸ்கூல் பசங்களுக்கு இருக்குற அரசு உதவி எண்ணுக்கு போன் பண்ணி பேசிருக்கான்னு ரொம்ப நாள் கழிச்சுதான் சொன்னான். பெத்தவன்கிட்ட சொல்ல முடியாதத முகம் தெரியாதவங்ககிட்ட சொல்லிருக்கான், அது இன்னும் எனக்கு உறுத்துது. இப்பல்லாம் வீட்டுக்கு வந்ததும் சாப்டியாப்பான்னு மட்டும்தான் மொதல்ல கேக்குறேன்.

---

நான் எங்க ஊர் பள்ளி மேலாண்மைக் குழுல இருக்கேன், அதுல முக்காவாசி பெத்தவங்கதான். சாயங்காலம் ஸ்கூல் செவுத்துல பெரிய பசங்க உக்காந்துருக்காங்க, கேட்ட பூட்டி வைக்கணும்னு கூட்டத்துல பேச்சு வந்துச்சு. வெரட்டுனா எங்க போவாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருட்டுக்குத்தானன்னு நாங்க அம்மாங்க நாலு பேரு விடாம கேட்டோம். கடைசில ஆளுக்கு கொஞ்சம் காசு போட்டு வாலிபால் நெட் கட்டுனோம், பந்து, நெட் எல்லாம் அந்தப் பசங்க பொறுப்பு, சாவியும் அவங்ககிட்டதான். இதுவரைக்கும் ஒருநாள் கூட கேட்ட தெறந்து போட்டுட்டுப் போனதில்ல. இப்ப பொம்பளப் புள்ளைங்க எங்களுக்கும் வேணும்னு கேக்குதுங்க, நியாயம்தான, ஆனா ஆறரைக்கே இருட்டிருது, லைட் போடச் சொல்லி பஞ்சாயத்துல எழுதிக் குடுத்துருக்கோம்.