சிரம்பான் வீட்டுக் குழு: வராத ரயிலின் கணக்கு

தினேஷ்: அத்தை, பஸ் இன்னும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியையே தாண்டவில்லை. எனக்காக யாரும் விழித்திருக்க வேண்டாம்.

குமாரி அத்தை: தீபாவளிக்கு முந்தின வாரம் வேறு எப்படி இருக்கும்? மூவார் வந்ததும் போன் அடி. மாமா வந்து ஏற்றிக்கொள்வார்.

முத்து மாமா: அந்தக் கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயில் மட்டும் வந்திருந்தால் இவன் இந்நேரம் மூவார் பக்கத்துப் பாகோவில் இறங்கிச் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பான். எல்லாம் மகாதீர் கெடுத்த வேலை.

கவிதா: மாமா, பிரதமராக இருந்த மகாதீர் ஒத்திவைத்தார். கைவிட்டது அவருக்குப் பின் வந்த முகைதீன் அரசாங்கம். இன்னொன்று, சிங்கப்பூரிலிருந்து வரும் விரைவு ரயில் பாகோவில் நிற்கவே நிற்காது. நேராகக் கோலாலம்பூர்தான். தினேஷ் ஜோகூரில் உள்ள இஸ்கண்டார் புத்ரி வரை ஒரு ரயிலில் வந்து, அங்கே இறங்கி உள்ளூர் ரயில் பிடித்திருக்க வேண்டும்.

முத்து மாமா: அதனால் என்ன? அப்படியும் இந்த பஸ்ஸைவிட வேகம்தான்.

பெரியப்பா: பாகோ நாடாளுமன்ற உறுப்பினர் யார் மாப்பிள்ளை?

முத்து மாமா: 😐

பெரியப்பா: முகைதீன். சொந்தத் தொகுதியில் நிலையம் வரும் என்று படம் போட்டுக் காட்டிய திட்டத்தை, அவர் பிரதமராக இருந்தபோதுதான் மூடினார்கள். உள்ளூர் அரசியலை மட்டும் வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது.

குமாரி அத்தை: அண்ணே, பிரஷர் மாத்திரை போட்டீர்களா?

பெரியப்பா: போட்டாச்சு.

கவிதா: மகாதீர் 2018 மே மாதம் ஆட்சிக்கு வந்த கையோடு சொன்னது இதுதான்: 110 பில்லியன் ரிங்கிட் செலவு, நமக்கு ஒரு காசு வராது. அவருக்கு முந்தின பிரதமர் நஜிப், 2013-ல் அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கோடு சேர்ந்து அறிவித்த திட்டம். கோலாலம்பூர் முனையம் வரவிருந்த பண்டார் மலேசியா நிலமோ, ஊழலில் சிக்கிய அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி கையில் இருந்தது. தேர்தலில் அந்தப் பெயரைச் சொல்லியே ஜெயித்தவர்கள் அங்கே ரயில் விடுவார்களா?

முத்து மாமா: அப்படிப் பார்த்தால் கிழக்குக் கரை ரயிலும் நஜிப் கொண்டுவந்ததுதானே. அதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

கவிதா: நல்ல கேள்வி மாமா. அதில் வேலை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. ரத்து செய்தால் கிட்டத்தட்ட 21.78 பில்லியன் ரிங்கிட் தண்டம் அழ வேண்டும் என்று மகாதீரே சொன்னார். அதனால் சீனத் தரப்போடு மறுபடி பேசி, 65.5 பில்லியனை 44 பில்லியனாகக் குறைத்து 2019 ஏப்ரலில் தொடர்ந்தார்கள். சிங்கப்பூர் ரயிலுக்கு ஒரு தூண்கூட எழும்பவில்லை. முதல் ஒத்திவைப்புக்கு 15 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி, கடைசியில் இழப்பீடு 102.8 மில்லியன் வெள்ளி, நம் காசில் சுமார் 320 மில்லியன் ரிங்கிட். இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதை நிறுத்துவது மலிவோ அது நின்றது. நல்ல திட்டமா இல்லையா என்ற பேச்சே அப்புறம்தான்.

பெரியப்பா: 320 மில்லியன் மலிவா உனக்கு?

கவிதா: அரசாங்கக் கணக்கில் மலிவுதான் பெரியப்பா. உங்கள் பென்ஷன் கணக்கில் இல்லை.

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

குமாரி அத்தை: என்ன அழித்தீர்கள் அண்ணே? நான் பார்த்துவிட்டேன் 😂

தினேஷ்: வரிசை பத்தடி நகர்ந்திருக்கிறது. சிங்கப்பூர்ப் பக்கக் கதையையும் கேளுங்கள். ரயில், தண்டவாளம், சிக்னல், மின்சாரம் எல்லாவற்றையும் வாங்கிப் பராமரிக்க, இரு நாட்டுக்கும் பொதுவாக ஏலத்தில் ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது என்று 2016 டிசம்பரில் புத்ராஜெயாவில் கையெழுத்தானது. அசெட்ஸ்கோ என்பார்கள். முகைதீன் அரசாங்கம் 2020-ல் அது வேண்டாம், செலவு குறையும், வேலையும் சீக்கிரம் முடியும் என்றது. சிங்கப்பூர் அதற்கு ஒப்பவில்லை.

முத்து மாமா: ஒரு கம்பெனிக்காகவா இவ்வளவு?

தினேஷ்: அதில்தான் விஷயமே இருக்கிறது மாமா. 350 கிலோமீட்டரில் 335 உங்கள் பக்கம், 15தான் எங்கள் பக்கம். பொதுவான கம்பெனி இல்லாவிட்டால் எந்த நாட்டு ரயிலை வாங்குவது, ரயில் நடுவழியில் நின்றால் யார் பொறுப்பு, எல்லாம் ஒரு கைக்குப் போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லும் ஆள் வேண்டும் என்று சிங்கப்பூர் பிடிவாதமாக நின்றது. 2020 டிசம்பர் 31 கெடு முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது.

பெரியப்பா: அதற்கு ஐந்து மாதம் முன்னால் அதே முகைதீன், லீயோடு கடற்பாலத்தின் நடுவில் நின்றார், ஞாபகமிருக்கிறதா? ஜோகூர் பாரு - உட்லண்ட்ஸ் ரயிலுக்கு. வெறும் 4 கிலோமீட்டர். அதையும் மகாதீர் காலத்தில் நிறுத்தி வைத்து, 4.93 பில்லியன் ரிங்கிட்டை 3.7 பில்லியனுக்கு இறக்கித்தான் உயிர் கொடுத்தார்கள். தினமும் லட்சக்கணக்கான பேர் அந்தப் பாலத்தில் நெரிபடுகிறார்கள். அந்த ரயில் வேண்டாம் என்று ஜோகூரில் எவன் ஓட்டுக் கேட்க முடியும்?

தினேஷ்: அதே பாலத்தில்தான் இப்போது நிற்கிறேன் பெரியப்பா. இஞ்சின் சூடு காலில் அடிக்கிறது.

கவிதா: நிலையான ஆட்சியும் ஒரு காரணம். 2013-லிருந்து இங்கே நஜிப், மகாதீர், முகைதீன், இஸ்மாயில் சப்ரி, அன்வார். அங்கே 2024 மே வரை ஒரே லீ. எதிரே உட்கார்ந்து பேசுகிற ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அவர்கள் எழுத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

தினேஷ்: அவர்களுக்கும் நஷ்டம் இருக்கிறது அக்கா. முனையத்துக்காக ஜூரோங் கன்ட்ரி கிளப்பையே கையகப்படுத்தினார்கள், 67 ஹெக்டர். கோல்ஃப் ஆடினவர்கள் எல்லாம் மட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடினார்கள். ஆனால் நிலம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, வேறு எதற்காவது ஆகும்.

முத்து மாமா: என் நிலம் எதற்கு ஆகும் என்று யாராவது சொல்லுங்களேன்.

குமாரி அத்தை: ஆரம்பித்துவிட்டார்.

முத்து மாமா: பாகோ நிலையத்திலிருந்து பத்தே நிமிடம் என்று ஒரு புரோக்கர் வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி விற்றான். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை லாலான் புல் வெட்டக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். 2023-ல் மறுபடி திட்டம் கேட்டார்களே, அது என்ன ஆயிற்று?

கவிதா: தனியார் யோசனை கேட்டார்கள். 2024 ஜனவரிக்குள் ஏழு கூட்டமைப்புகள் கொடுத்தன. ஆனால் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் முதலிலேயே சொல்லிவிட்டார், அரசாங்கம் பணம் போடாது, தனியார்தான் கட்ட வேண்டும் என்று. இவ்வளவு பெரிய ரயிலை டிக்கெட் காசை மட்டும் நம்பி எவன் கட்டுவான்? நிலையத்தைச் சுற்றி நிலம் கேட்பான், இல்லாவிட்டால் அரசாங்க உத்தரவாதம் கேட்பான். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது மறுபடியும் அமைச்சரவை மேசைக்குத்தான் வரும். பாகோவில் நிலையம் இருக்குமா என்பதும் அங்கேதான் முடிவாகும்.

முத்து மாமா: அப்போ விற்றுவிடவா மச்சான்?

பெரியப்பா: அந்த ரயிலை நம்பி வைத்திருக்காதே. அவசரப்பட்டு அந்தப் புரோக்கரிடமே திருப்பிக் கொடுத்துவிடாதே. பக்கத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாடகைக்கு ஏதாவது கட்ட முடியுமா என்று பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது நிலத்தின் கிராண்ட்டை, அந்தப் பட்டாவை, எடுத்து வா.

குமாரி அத்தை: கிராண்ட் எங்கே வைத்தார் என்று முதலில் அவரைக் கேளுங்கள் அண்ணே.