மூடிவைத்த பிறகும் விடாத ஒரு பக்கம், ஒரு பாட்டு: உங்கள் அனுபவம்?

சுரங்கப்பல்லி:
போன மாதம் முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனேன். படுக்கை உள்ளே நகர்ந்தது, தோள் இரண்டும் சுவரில் உரசின. அந்த நொடியே அமிகாரா ஞாபகம் வந்துவிட்டது. ஜப்பானியத் திகில் காமிக்ஸ்காரர் ஜுன்ஜி இதோவின் அந்தக் கதையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். நிலநடுக்கம், பிளந்த மலை, மலைச்சுவர் முழுக்க மனித உருவத்தில் ஓட்டைகள், இது எனக்கென்றே வெட்டியது என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைகிறவர்கள். அவருடைய ‘கியோ’ என்ற நீண்ட காமிக்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த சின்னக் கதைதான். ஹாஸ்டலில் ஒரே மூச்சில் படித்தேன். கடைசிப் பக்கத்தில், மலையின் மறுபக்கம், டார்ச் வெளிச்சத்தில் ஏதோ ஒன்று மெல்ல வந்துகொண்டிருக்குமே, அது.

பயமாக இருந்தால் அமுக்கச் சொல்லி கையில் ஒரு ரப்பர் பல்பு கொடுத்திருந்தார்கள். இரண்டாவது நிமிடமே அமுக்கிவிட்டேன். வெளியே இழுத்த பெண், “என்ன சார், மூச்சு முட்டுதா?” என்றார். “இல்லைங்க, ஒரு காமிக்ஸ்” என்றேன். அவர் என் முகத்தையும் கையிலிருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுபடி உள்ளே போய்க் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தேன். மெஷின் சத்தம் மெட்டல் பாட்டின் டபுள் பேஸ் டிரம் மாதிரி இருந்தது மட்டும் கொஞ்சம் ஆறுதல். உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

மெழுகுப்பல்:
உங்கள் பயம் ஓட்டை குறுகலாக இருந்ததால் வந்த பயம். அதற்கு ஜுன்ஜி இதோ தேவையில்லை, லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாலே போதும். அமிகாராவில் பயமுறுத்துவது ஓட்டை குறுகலாக இருப்பதில்லை, கச்சிதமாக இருப்பது.

நான் பல் லேப்பில் இருக்கிறேன், பதினோரு வருடம். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சுகள் தினமும் வரும். ஒவ்வொன்றும் உலகத்தில் ஒரே ஒரு வாய்க்கு மட்டும் பொருந்தும். இதோவும் பல் டெக்னீஷியனாக இருந்தவர்தான். 1987இல் தன் முதல் காமிக்ஸான ‘தோமியே’வைப் போட்டிக்கு அனுப்பியபோது அவருக்கு அதுதான் வேலை. அந்தப் போட்டிக்கு நடுவராக இருந்தவர் திகில் காமிக்ஸில் மூத்தவரான உமேசு கசுவோ. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அமிகாரா படித்த அன்றைக்கு ராத்திரி.

மறுநாள் காலை ஒரு அச்சில் ஸ்டோன், அதாவது இறுகும் ஜிப்சக் கலவை, ஊற்றினேன். வைப்ரேட்டரில் வைத்தால் கலவை ஒவ்வொரு பல்லின் குழியாக மெல்ல இறங்கிக்கொண்டே போகும். ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்று மட்டும் கண்ணை எடுக்க முடியவில்லை. இறங்குகிறது, இறங்குகிறது, திரும்பி வர வழியில்லை. பார்த்துக்கொண்டே நின்றதில் மிச்சக் கலவை கிண்ணத்திலேயே இறுகி, பாதி ஊற்றிய கேஸ் பாழ். யாரோ ஒருவர் மறுபடி டாக்டரிடம் போய் வாயைத் திறந்திருப்பார். சீட்டில் பெயர் இல்லை, ஒரு எண் மட்டும்தான்.

இன்னொன்று. வாயில் அளவெடுக்கும் பசையான அல்ஜினேட்டில் எடுத்த அச்சை உடனே ஊற்றாமல் காயவிட்டால் சுருங்கிக் கோணிவிடும். அதில் செய்த பல் சொந்தக்காரர் வாய்க்கே பொருந்தாது. கதையில் மலைக்கு அந்தப் பக்கம் கோணிக் கிடக்கும் ஓட்டைகள் அதுதான். இதைச் சொன்னால் லேப்பில் யாரும் கேட்பதில்லை.

கறுப்புச்சட்டை:
2007 மார்ச் 17, பெங்களூரு அரண்மனை மைதானம், அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் மெட்டல் பேண்ட். கச்சேரியைப் பற்றி எழுதப் போவதில்லை, அதை எழுத நூறு பேர் இருக்கிறார்கள்.

முந்தின நாள் திருநெல்வேலியில் பஸ் ஏறினேன். போட்டிருந்தது எடி டி-சர்ட். எடி அந்த பேண்டின் சின்னமான பேய் உருவம், படம் 1980இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டை. டெரெக் ரிக்ஸ் வரைந்த அந்த முகம்தான். எலும்போடு ஒட்டின தோல், குத்திட்ட முடி, தெருவிளக்கு வெளிச்சம். பக்கத்து சீட்டில் ஒரு ஆச்சி. கயத்தாறு தாண்டும்வரை என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்டார்: “ஏய்யா, இது எந்த ஊரு மாடன்?”

எனக்கு இருபது வயது, திமிர். “எங்க ஊருதான் ஆச்சி” என்றேன்.

“உக்கிரமால்லா இருக்காரு. கெடா வெட்டு உண்டுமா?”

“உண்டு ஆச்சி.”

அவர் சிரிக்கவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து, நாலாய் மடித்த பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி என் கையில் வைத்தார். “கொடைக்குப் போட்டுரு. பேரனுக்கு மேலுக்கு முடியல.” அதற்கு மேல் பொய் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன்.

மைதானத்தில் தாகம் தாங்கவில்லை. பையில் சில்லறையாக இருந்தது அந்த நோட்டுதான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டேன். எடியை எந்தச் சட்டையில் பார்த்தாலும் அந்தப் பேரன் என்ன ஆனானோ என்று தோன்றும்.

மூன்றாம்பாகம்:
என்னுடையது சின்னது. 2010 மே. ஆபீஸில் ஒரு சீனியர் இருந்தார், நரைத்த குடுமி, எப்போதும் ஹெட்போன். காலையில் சிவந்த கண்ணோடு வந்து, “டியோ போயிட்டார்பா” என்றார். எனக்கு அப்போது தெரிந்த டியோ ‘ஜோஜோ’ என்ற மாங்காவின், ஜப்பானியக் காமிக்ஸின், வில்லன் மட்டும்தான். “அவன் மூணாவது பாகத்துக் கடைசியிலேயே செத்துட்டானே சார்!” என்றேன், சந்தோஷமாக, அவரும் மாங்கா படிக்கிறார் என்று நினைத்து.

அவர் ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மதியம் தேடிப் பார்த்துத்தான் தெரிந்தது: ரோனி ஜேம்ஸ் டியோ, ரெயின்போ, பிளாக் சபாத் பேண்டுகளில் பாடியவர், வயிற்றுப் புற்றுநோய், 67 வயது. ஜோஜோவை வரைந்த அராக்கி தன் வில்லனுக்குப் பெயர் எடுத்ததே அவரிடமிருந்துதான். இதைப் போய் அந்த சீனியரிடம் சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சொல்லவில்லை. குளிக்கும்போது இன்னும் ஞாபகம் வந்து கூசும்.

புதுவாசகி:
நான் மூன்றாம் பாகத்தில் பாதிதான் வந்திருக்கிறேன். மிக்க நன்றி.

காதுபத்திரம்:
ஒரு சின்ன ஹாலில் உள்ளூர் டெத் மெட்டல் பேண்ட். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நின்றேன். வீட்டுக்கு வந்து ஃபேனை அணைத்தேன், ஃபேன் சத்தம் நிற்கவில்லை. ஒன்பது வருடமாக நிற்கவில்லை.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு, இப்படியே போய் 100 டெசிபலுக்கு வெறும் பதினைந்து நிமிடம். மெட்டல் கச்சேரியில் 100 என்பது ஆரம்பம்தான், முதல் மூன்று பாட்டுக்குள் உங்கள் கோட்டா முடிந்தது. உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் ஒருதரம் செத்தால் திரும்ப முளைக்காது. பஞ்சு வைத்தேன் என்று சிலர் சொல்வார்கள், பஞ்சு கிட்டத்தட்ட ஒன்றுமே தடுக்காது. மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் அடைப்பான் கிடைக்கும். அதை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே பின்பக்கமாக இழுத்து, உள்ளே செருகி, அது உப்பும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதிப் பேர் வெளியே துருத்திக்கொண்டு வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள், திருகி எடுங்கள். பாட்டு மங்கலாகக் கேட்கிறது என்றால் இசைக்கலைஞர்களுக்கான வடிகட்டி வைத்த அடைப்பான் வாங்குங்கள், விலை அதிகம், ஆனால் தெளிவாகக் கேட்கும். இடைவேளையில் வெளியே வந்து நில்லுங்கள். சுரங்கப்பல்லி, எம்ஆர்ஐ அறையிலும் அடைப்பான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். டபுள் பேஸ் என்று ரசிக்கிற விஷயமா அது? கறுப்புச்சட்டை, அரண்மனை மைதானத்தில் எந்தப் பக்கம் நின்றீர்கள்? காது பரிசோதனை செய்துகொண்டீர்களா?

கறுப்புச்சட்டை:
அண்ணே, நான் எழுதியது ஆச்சியைப் பற்றி.

கட்டுப்போட்ட41:
‘பெர்செர்க்’ மாங்காவை வரைந்த மியுரா கெந்தாரோ 2021 மே 6ஆம் தேதியே இறந்துவிட்டார், 54 வயது, மகாதமனிக் கிழிசல். எங்களுக்குத் தெரிந்தது 20ஆம் தேதி. பெர்செர்க் 1989இல் ஆரம்பித்தது, நான் பிறந்த வருடம். அவர் விட்டுப்போன 364ஆம் அத்தியாயம் அந்த செப்டம்பரில் வந்தது. நான் இன்னும் படிக்கவில்லை. அது கடைசியாக வரும் 41ஆம் தொகுதி அலமாரியில் இருக்கிறது, கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் மகள் எடுத்துப் பார்த்துவிட்டு, “புக்குக்கு அடிபட்டிருச்சாப்பா?” என்றாள். ஆமாம் என்றேன்.

மெழுகுப்பல்:
பிரித்துப் படியுங்கள் சார். மோரி கோஜி அவருடைய பள்ளித் தோழர், முப்பது வருடத்துக்கு முன்பே கதை எப்படி முடியும் என்று மியுரா வாயாலேயே கேட்டவர். 2022 ஜூனிலிருந்து மியுராவின் உதவியாளர்கள் இருக்கும் ஸ்டுடியோ காகாவை வைத்துத் தொடர்ந்து கொண்டுவருகிறார். காத்திருப்பதில் அர்த்தமில்லை. படத்தின் கோடும் பெரிதாக மாறவில்லை, நான் உற்றுப் பார்த்தேன்.

கட்டுப்போட்ட41:
தெரியும். 42ஆம் தொகுதியும் வாங்கிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. நேற்று பழைய ரப்பர் பேண்ட் இற்றுப்போய்ப் பக்க ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு போட்டிருக்கிறேன்.