கஷ்டத்தின் நடுவில் ஆண்டவருடைய சத்தத்தைக் கேட்டவர்கள் எழுதுங்கள்

கல்லடி மகள்:

நானே தொடங்குகிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள், வீட்டில் பலகாரம் மிச்சம் இருந்தது. எங்கள் வீடு நாவலடியில். நானும் அம்மாவும் விடிய வெள்ளனப் பாலம் கடந்து அம்மம்மா வீட்டுக்குப் போய்விட்டோம், அப்பாவும் தம்பியும் பின்னால் வந்து சேர்ந்ததும் எல்லோருமாக ஆராதனைக்குப் போவதாக ஏற்பாடு. சுனாமி வந்த அந்தக் காலையைப் பற்றி மட்டக்களப்பு ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள் இரண்டு பேரும் வரவில்லை. எனக்கு அப்போது 13 வயது.

அதற்குப் பிறகு நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். "தேவ சித்தம்", "ஆண்டவர் தான் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பார்". நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனால் அதைக் கேட்டதும் அம்மா எழும்பி வெளியே போய்விடுவார். எங்கள் சபையில் ஒரு மாமி மட்டும் வேறு மாதிரி. அவருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்ததுதான். ஆனாலும் பின்னேரத்தில் புட்டும் சொதியும் கொண்டுவந்து வைப்பார், என் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவார், அம்மாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை. பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களும் முதல் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் பேசாமல்தானே இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது தன்னோடு வழக்காடிய யோபுவோடு இல்லை, விளக்கம் சொன்ன அந்த நண்பர்களோடு. இதை நான் பெரியவளான பிறகுதான் கவனித்தேன்.

சரி, என்னுடைய விஷயத்துக்கு வருகிறேன். 2021-ல், கர்ப்பமாகி எட்டாம் மாதத்தில் என் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. கொரோனா நேரம், வார்டுக்குள் யாரையும் விடவில்லை. அன்றிரவு "நீர் பேசுகிற தெய்வம் என்றால் இப்போது பேசும்" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிடச் சண்டை பிடித்தேன் என்பதுதான் சரி. ஒன்றும் வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

அடுத்த நாள் அம்மா வாசலில் கொடுத்துவிட்ட சாப்பாட்டுப் பார்சலுக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. "சாப்பிடு மனே. கேள்வியெல்லாம் பிறகு கேட்கலாம்."

அதைப் பார்த்ததும் பைபிளில் வரும் தீர்க்கதரிசி எலியா நினைவுக்கு வந்தார். சூரைச்செடிக்குக் கீழே படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட மனிதர். தூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், அவர் சாப்பிட்டுத் திரும்பப் படுத்தார், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் அந்த அமர்ந்த மெல்லிய சத்தம். அப்போதும் ஏன் இப்படி நடந்தது என்று ஆண்டவர் விளக்கவில்லை. இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டார், செய்வதற்கு மூன்று காரியம் கொடுத்து அனுப்பினார்.

நான் சாப்பிட்டேன். அன்றிரவு பக்கத்துக் கட்டிலில் ஏறாவூர்ப் பிள்ளை ஒன்று, அவளுக்கும் முதல் குழந்தை, அதுவும் தங்கவில்லை, தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். எழும்பிப் போ என்று எனக்குள் ஒன்று வந்தது. காதில் கேட்ட சத்தம் இல்லை, ஆனால் என்னுடைய யோசனையும் இல்லை, ஏனென்றால் எனக்கு அசையவே மனம் இல்லை. சேலைன் ஏற்றிய கையோடு போய் அவளுடைய கையைப் பிடித்தேன். விடியும்வரை அப்படியே இருந்தோம். அவள் தன் துஆவை ஓதினாள், நான் என் ஜெபத்தைச் சொன்னேன். அது ஆண்டவர்தான். இதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

திருக்கோவில் கடலோடி:

தங்கச்சி, வாசித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு முதுகு அடிபட்டுப் பத்து வருஷத்துக்கு மேல், கடலுக்குப் போக முடியாது. சுகமளிக்கும் கூட்டம் ஒன்றில் என் தலையில் கைவைத்து ஜெபித்தவர், சுகம் வரவில்லை என்றதும் எனக்கு விசுவாசம் காணாது என்றார். மனைவிக்கு முன்னால் சொன்னார், அதுதான் வலி. அப்போஸ்தலன் பவுலும் தன் உடம்பை வதைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் கேட்டார், எடுபடவில்லை. பவுலுக்கு விசுவாசம் காணாதா? அவருக்குக் கிடைத்த பதிலான "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வசனம் முதலில் எனக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது, இனிக் கேட்காதே என்று கதவைச் சாத்தியது போல. இப்போது வாடியில் இருந்து வலை பொத்துகிறேன், அந்த நேரம்தான் என் ஜெப நேரம். பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. ஆனால் இரவில் தோணியில் இரண்டு பேர் பேசாமல் இருப்போமே, மற்றவன் அணியத்தில் இருக்கிறான் என்று பார்க்காமலே தெரியும், அப்படி ஒரு பேசாமை அது.

புளியந்தீவு:

எங்கள் மெதடிஸ்த ஆட்கள் அறிந்த கதை ஒன்று. 1814-ல் இங்கே மட்டக்களப்புக்கு வந்த மிஷனரி வில்லியம் ஓல்ட் கப்பல் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடுதான் இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார், அடுத்த வருஷமே அவரும் காலமாகி இங்கேயே அடக்கமானார். அவருக்கு ஏன் என்ற பதில் கிடைத்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன்.

பெயர் வேண்டாம்:

நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு என்னால் கண்ணை மூடி ஜெபிக்க முடிவதில்லை, மூடினால் அந்தப் புகைதான் வருகிறது. சங்கீதம் 88-ஐ மட்டும் வாசிக்கிறேன், அது ஒன்றுதான் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் பைபிளுக்குள் வைத்திருக்கிறாரே என்று பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். இங்கே எழுதலாமா என்றும் தெரியவில்லை.

கல்லடி மகள்:

எழுதுங்கள் அக்கா, இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது. எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தனியாகச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். வசனம் ஒன்றும் சொல்ல மாட்டோம். புட்டும் சொதியும் கொண்டுவருவோம்.