நெடுநாள் நின்ற அம்பாசடர்: கிளட்ச் விலக மறுக்கிறது

கேள்வி:
தந்தையாரின் அம்பாசடர் பல ஆண்டுகளாகக் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. இப்போது இன்ஜின் ஓடுகிறது. ஆனால் கிளட்சை முழுக்க மிதித்தாலும் கியர் கரகரவென்று அரைக்கிறதே தவிர விழுவதில்லை. இன்ஜினை நிறுத்தினால் எளிதாக விழுகிறது. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டுமா?

மறுமொழி:
அவசரப்பட்டு இறக்காதீர்கள், ஐயா. ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் வண்டிக்கடியில் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் சிறு உருளை) தண்டைக் கவனிக்கட்டும். தண்டு அரைகுறையாக நகர்ந்தால் கோளாறு ஆயில் பக்கம்தான்: கிளட்சிலும் ஊற்றப்படும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், நின்ற வண்டியில் சிலிண்டரின் உட்சுவர் துருவேறி ரப்பர் வாஷரைக் கெடுத்துவிடும்; தூசி உறையை விலக்கிப் பார்த்தால் பழுப்பு நிறக் கசிவு தெரியும். தண்டு முழுதாக நகர்ந்தும் கியர் விழவில்லையென்றால், கிளட்ச் பிளேட் பிளைவீலோடு (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம்) துருவால் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

மற்றொரு மறுமொழி:
ஒட்டியிருந்தால், பெடலை மிதித்த நிலையில் கட்டையால் முட்டுக்கொடுத்து ஓரிரு நாள் விட்டுவையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், முதலில் பிரேக் பிடிக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, இன்ஜினைச் சூடேற்றி அணைத்து, ஆளில்லாத திடலில் இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு அழுத்துங்கள். துருநீக்கும் எண்ணெயை மட்டும் உள்ளே தெளிக்கவே வேண்டாம். பிளேட் நனைந்தால் பிறகு வழுக்கும்.

கேட்டவர்:
பார்த்தேன், ஐயா. தண்டு பாதிதான் நகர்கிறது, உறைக்குள் பழுப்பு ஆயில் தேங்கியிருக்கிறது. சிலிண்டரையே புதிதாக மாற்றிவிடுகிறேன். மிக்க நன்றி.