விண்கலத்தின் உண்மையான நீளம் எது?

அல்சூர் வாசகர், பெங்களூரு:
'ஸ்டார் வார்ஸ்' படத் தொடரின் எக்ஸிகியூட்டர் விண்கலம் பழைய நூல்களில் 8 கிலோமீட்டர், பின்னாளில் 19 கிலோமீட்டர். திரையைக் கொண்டே இதை அளக்க வழி உண்டா, ஐயா?

பீன்யா வரைவாளர்:
உண்டு. அதே படத் தொடரில் வரும் 1,600 மீட்டர் நீளமுள்ள ஸ்டார் டெஸ்ட்ராயர் என்னும் போர்க்கலத்தின் கோபுரமே எக்ஸிகியூட்டரின் மேலும் அதே அளவில் நிற்கிறது என்று கொண்டு, அக்கோபுரத்தை அளவுகோலாக்கிக் கலத்தை அளந்தால் ஸ்டார் டெஸ்ட்ராயரின் நீளத்தைப் போல ஏறத்தாழ 12 மடங்கு, அதாவது 19 கிலோமீட்டர் வரும். பக்கவாட்டுக் காட்சியையே எடுங்கள். முன்மூக்கு கேமராவை நோக்கியிருந்தால் கணக்குப் பிசகும்.

ஜெயநகர் ரசிகர்:
கோபுரம் ஒரே அளவு என்பதே ஊகம்தானே! நடிகர்கள் நடமாடும் அரங்கை நான் கூடுதலாக நம்புவேன். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்திற்கென 38 அடி விட்டத்தில் கட்டிய சுழல் அரங்கு, அப்படத்தின் விண்கலமான டிஸ்கவரியின் முன் உருண்டைக்குள் அடங்க வேண்டும் என்பதால், உருண்டை அதைவிடச் சிறியதாக இருக்க இயலாது.